பேரம் பேசத் தெரியாத சட்டமன்றம்

விலை சொல்வது வேறு, விற்பது வேறு. இந்த வித்தியாசம் தெரியாதவர்கள் கடைவீதிப் பக்கமே வரக்கூடாது என்பது ஸ்கிரீன் அக்காவின் கட்சி. ஜன்னலுக்கும் கதவுக்கும் ஸ்கிரீன் துணி விற்கிறவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். வந்தவர் துணியைத் தொட்டுப் பார்த்ததுமே ஆனை விலை குதிரை விலை சொல்வாள். வந்தவர் பாதிக்குக் கேட்பார். அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "கடையை மூடிட்டுப் போகச் சொல்றீங்களா?" என்பாள். அவர் சிரிப்பார், இவள் சிரிப்பாள், நடுவில் எங்கேயோ ஓரிடத்தில் இரண்டு பேரும் சந்தித்துக்கொள்வார்கள். வாங்கினவருக்கு ஜெயித்த திருப்தி, விற்றவளுக்கு லாபம். இதில் பொய் எங்கே இருக்கிறது? இரண்டு பேருக்கும் தெரிந்த பொய் பொய்யே இல்லை என்பாள். யோசித்துப் பார்த்தால் அதுவும் நியாயம்தான்.

அக்காவுக்கு வாய் உண்டு என்பது ஊரறிந்த விஷயம். வாயுள்ள பிள்ளைதானே பிழைக்கும்? அதனால் வட்டார வணிகர் சங்கத்தில் பேச்சு என்று வந்தால் அவளைத்தான் முன்னால் தள்ளுவார்கள். சுற்றியுள்ள ஐந்து ஊர்க் கடைவீதிகளுக்கும் சேர்த்து ஒரே சங்கம் அது. சட்டமன்றத்துக்கு எந்த மசோதா வந்தாலும் அதில் கடைக்காரன் வயிறு எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று தேடிப் பிடித்து, தலைநகருக்கு ஆள் அனுப்பி, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வருவது சங்கத்தின் வேலை.

இந்த முறை வந்த மசோதா லாரிகளைப் பற்றியது. காலை ஆறு மணிக்கு மேல் கடைவீதிக்குள் சரக்கு லாரி நிற்கக்கூடாது என்றது அது. நெரிசல் குறையுமாம். குறையும், யார் இல்லையென்றார்கள்? ஆனால் சுமை இறக்குகிற ஆட்கள் வந்து சேர்வதே ஆறு மணிக்குத்தான். கண்ணாடிப் பலகையை இருட்டில் இறக்க முடியுமா? எட்டு மணி வரை விட்டால் எல்லாம் சரியாக இருக்கும். சட்டம் என்று எதுவும் இல்லாமலே இதுநாள் வரை அப்படித்தான் நடந்தது. எட்டானால் கடைக்காரர்கள் போடுகிற சத்தத்தில் லாரிகள் தாமாகக் கிளம்பிவிடும்.

பெயிண்ட் கடை மாடியில் சங்கம் கூடியது. சங்கத்துக்குத் தலைவர் பெயிண்ட் கடை அண்ணன். நல்ல மனுஷன், ஆனால் எதையும் நேராகப் பேசிவிடுவார். வியாபாரத்துக்கு அது ஆகுமா?

"எட்டு மணின்னு கேட்டு எழுதிக் குடுத்துடலாம்," என்றார் அவர்.

அக்கா பாய்ந்துவிட்டாள். "எட்டுன்னு கேட்டா ஏழு குடுப்பாங்கண்ணே! அவங்க ஆறுல நிக்கறாங்க. நாம பன்னெண்டுல நிக்கணும். அவங்க இழுப்பாங்க, நாம இழுப்போம், நடுவுல ஒம்போதுக்கு வரும். அதுலயும் ஒரு மணி நேரத்தை நாம பெருந்தன்மையா விட்டுக் குடுத்து எட்டுல முடிச்சோம்னா, அவங்களுக்கும் ஜெயிச்ச மாதிரி இருக்கும்."

அடடா என்றார்கள் எல்லாரும். கண்ணாடிக் கடைக்காரர் கைதட்டினார். அந்த மாடியில் அன்றைக்கு ஒரே ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருந்திருந்தால்கூடத் தடுத்திருப்பார். இருந்தவர்கள் அத்தனை பேரும் வியாபாரிகள். பன்னிரண்டு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று.

தலைநகரில் மசோதாவைப் பரிசீலிக்கிற சட்டமன்றக் குழு கூடிய அறை குளிரக் குளிர இருந்தது. நீள மேஜை, ஆளுக்கொரு மைக், தண்ணீர் பாட்டில். அக்காவின் கண் முதலில் ஜன்னலுக்குத்தான் போயிற்று. ஸ்கிரீன் துணி உயர்ந்த ரகம்தான், ஆனால் உள்துணி வைத்துத் தைக்காமல் விட்டிருந்தார்கள். வெயிலில் சாயம் போகாமல் என்ன செய்யும்? சட்டம் செய்கிறவர்களுக்கு ஒரு ஸ்கிரீன் ஒழுங்காகத் தைத்துப் போட ஆளில்லை என்று மனதுக்குள் திட்டியபடியே மைக்கின் முன்னால் உட்கார்ந்தாள்.

பேசினாள் பாருங்கள், அப்படி ஒரு பேச்சு. வழியில் டயர் வெடிக்கிறது, மழை வருகிறது, பாலம் மூடுகிறது, லாரி எப்போது வரும் என்று டிரைவருக்கே தெரியாது, ஆகவே பன்னிரண்டு மணி. நெஞ்சில் கை வைக்க வேண்டிய இடத்தில் வைத்தாள். குழுவின் தலைவர் நரைத்த தலையும் கனத்த மூக்குக்கண்ணாடியுமாக ஓர் அம்மாள். முழுக்கக் கேட்டுவிட்டு இடமும் வலமும் பார்த்தார்.

"நியாயமாத்தான் இருக்கு. பன்னெண்டுன்னே மாத்திடலாம். அடுத்தவங்க வரலாம்."

அக்கா திறந்த வாயை மூடவில்லை. ஒன்பதுக்கு ஒரு வசனம், எட்டுக்கு ஒரு வசனம் என்று இரண்டு வசனம் அவளிடம் தயாராக இருந்தன. இரண்டும் வாயிலேயே தங்கிவிட்டன. அண்ணன்தான் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார்.

தாழ்வாரத்தில் அண்ணன் குதிக்காத குறை. அக்காவுக்கோ பஸ் ஏறின பிறகும் மனசு ஆறவில்லை. சொன்ன விலையை ஒருத்தர் பேசாமல் கொடுத்துவிட்டுப் போனால் விற்றவளுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. பாதி வழியில் அண்ணனைத் தட்டி எழுப்பினாள்.

"அண்ணே, ரெண்டு மணின்னு கேட்டிருக்கலாமோ?"

அண்ணன் திரும்பப் படுத்துக்கொண்டார்.

ஊரில் இறங்கியதும் நேரே மகளைப் பார்க்க ஓடினாள். மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணக்கர் ஆபீஸில் இருந்த வேலையை விட்டுவிட்டு, ரொட்டி சுடுவதை முறையாகக் கற்றுக்கொண்டு, கடைவீதி முகப்பிலேயே மூலைக்கடையைப் பிடித்திருந்தாள். உள்ளே அடுப்பு உட்கார்ந்தாயிற்று. வாசலில் பந்தல் இழுத்து நான்கு மேஜை. காலை எட்டு மணிக்கு லாரிகள் கிளம்பினதும், வேலைக்குப் போகிறவர்கள் சுடச்சுட ஒரு ரொட்டியும் காப்பியுமாக அங்கே உட்கார்ந்துவிட்டுப் போக வேண்டும். அதுதான் அவள் திட்டம், கனவு எல்லாம். வாயால் பிழைக்கும் அம்மாவுக்குக் கையால் பிழைக்கும் மகள். அக்காவுக்கு அதில் உள்ளூரக் கொள்ளைப் பெருமை.

மகள் ஏணிமேல் நின்று பந்தல் கம்பியை முடுக்கிக்கொண்டிருந்தாள்.

"கேட்டது கெடச்சாச்சுடி! பன்னெண்டு!"

"எட்டுன்னுதானேம்மா பேச்சு?"

"எட்டுக்காகத்தான் பன்னெண்டு கேட்டேன். பேரமே பேசாம அப்படியே தூக்கிக் குடுத்துட்டாங்க. அதிசயமான ஆளுங்க!"

மகள் முகத்தில் ஈயாடவில்லை. மெதுவாக ஏணியை விட்டு இறங்கினாள்.

"எட்டுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் என் கடை வாசல்ல என்னம்மா நிக்கும்?"

அக்கா வெளியே பார்த்தாள். அந்த நேரத்திலும் வழி தவறி வந்த லாரி ஒன்று, பின்பக்கத்தை மேஜைகளுக்குக் காட்டிக்கொண்டு உறுமியது. புகை பந்தலுக்குள் வந்து சாவகாசமாகச் சுற்றிவிட்டுப் போயிற்று.

"என் வியாபாரமே காலையிலதாம்மா. பன்னெண்டு மணிக்கு மேல யாரு ரொட்டி சாப்பிட வருவா?" என்றாள் மகள். கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. தணிந்த குரலில் கேட்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் கெடவில்லை, அது பெற்ற பிள்ளையல்லவா கெடப் போகிறது!

மறுநாளே மற்றவர்களுக்கும் விடிந்தது. லாரிக்காரர்கள் ஒவ்வொருவராகப் பெயிண்ட் கடைக்குப் போன் போட்டார்கள். இனிமேல் அவசரமே இல்லையாம், பதினொன்று வாக்கில் வருகிறார்களாம், சட்டமே வரப்போகிறதாம். தெருவை லாரி அடைத்துக்கொண்டால் வாடிக்கையாளர் எந்த வழியாக வருவார்? கண்ணாடிக் கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். கைதட்டின அதே கை.

சங்கம் மறுபடி கூடியது. "வேலியில போன ஓணானைப் புடிச்சு மடியில விட்டுக்கிட்டோமே," என்றார் அண்ணன். குழு அந்த வாரம் கடைசியாக ஒருமுறை கூடும். அதற்குப் பிறகு மசோதா சபைக்குப் போய்விடும், ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. "கூடக் கேட்டு வாங்கிட்டு, கொறைச்சுக் குடுங்கன்னு எந்த முகத்தை வெச்சிக்கிட்டுப் போறது?"

"என் முகத்தை வெச்சிக்கிட்டுத்தான்," என்று எழுந்தாள் அக்கா.

இந்தத் தடவை மகளும் கூட வந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அம்மாவைச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"என்னம்மா கேக்கப் போற?"

"ஏழு."

"அம்மா!"

"இல்லடி, கேளு. இப்ப அவங்க பன்னெண்டுல நிக்கறாங்க. நான் ஏழுன்னு எறங்கினா, அவங்க மேல இழுப்பாங்க..."

"ஏழுன்னு சொன்னா ஏழே குடுத்துடுவாங்கம்மா! அப்புறம் கண்ணாடிக் கடைக்காரர் உன்னைச் சும்மா விடுவாரா? நமக்கு வேணுங்கிறது எட்டு. எட்டுன்னு கேளு."

"வேணுங்கிறதையே எப்படிடி கேக்கறது?" என்றாள் அக்கா. நிஜமாகவே கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் அதைச் செய்ததே இல்லை. மனதுக்குள் எட்டு எட்டு என்று உருப்போட்டுக்கொண்டே வந்தாள். எட்டு என்று மட்டும் சொல்லி நிறுத்தும்போது, துணியை அளக்காமல் வெட்டிவிட்ட மாதிரி இருந்தது.

அதே குளிர் அறை, அதே சாயம் போகிற ஸ்கிரீன். தலைவர் அம்மாள் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு மேலாகப் பார்த்தார்.

"போன தடவை பன்னெண்டு மணி இல்லாம தெருவே பட்டினி கெடக்கும்னு சொன்னீங்க. இப்ப எட்டு போதும்னு எழுதியிருக்கீங்க. இதுல எதும்மா நெஜம்?"

அக்கா திரும்பிப் பார்த்தாள். கடைசி வரிசையில் மகள் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எட்டுதாங்க நெஜம். எங்க தெருவுல ஏத்திக் கேக்கறதுதாங்க பழக்கம். நீங்க கொறைப்பீங்கன்னு நெனச்சேன். நீங்க பேரமே பேசல."

மேஜையின் ஒரு கோடியில் யாரோ சிரிக்க ஆரம்பிக்க, அது மைக்குக்கு மைக் தாவி அறை முழுக்கப் பரவியது. சட்டமன்றக் கட்டடம் அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டு ரொம்ப நாளாகியிருக்கும். குறிப்பெடுக்கிறவர்கூடப் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

சிரிக்காதவர் ஒருவர் இருந்தார். ஒல்லியான உறுப்பினர். ஆரம்பத்திலிருந்தே ஆறு மணி என்று நின்றவர், போன தடவை ஜலதோஷத்தில் வராமல் போய்விட்டார். அவர் வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

"அப்ப இந்த எட்டும் ஏத்திச் சொன்ன விலைதானே?" என்றார் அவர். "உங்க எட்டுக்கு நெஜ விலை ஏழு. ஏழு குடுக்கலாம், மேடம்."

ஆகா! பேரம்! அக்காவின் உடம்பில் புது ரத்தம் ஓடியது. இந்த மனுஷனுக்கல்லவா கடைவீதியின் அருமை தெரிகிறது! நாக்கு நமநமத்தது. எட்டரை என்று ஒரு போடு போட்டால், அவர் ஏழரை என்பார், நடுவில் எட்டு பழம் மாதிரி வந்து விழும். வாய்வரை வந்துவிட்டது எட்டரை. அந்த நேரம் பார்த்து அடுத்த நாற்காலிக்காரர் எட்டரைக்குச் சரி என்று சொல்லித் தொலைத்தால்? எட்டரைக்குப் புகை பந்தலுக்குள் சுற்றும். முதல் ரொட்டி ஆறிப்போகும். அக்கா எட்டரையை அப்படியே விழுங்கினாள்.

"எட்டுங்க," என்றாள்.

"ஏழேகால்."

"எட்டு."

"ஏழரை. அதுக்கு மேல முடியாது," என்றார் ஒல்லி உறுப்பினர். அவர் கண்ணிலும் ஒரு மினுமினுப்பு வந்திருந்தது.

"ஏங்க, எல்லாத்தையும் தொறந்தே சொல்லிடறேன்," என்றாள் அக்கா. நெஞ்சில் கை வைக்க மறந்துபோனாள். "எட்டுக்கு முன்னால லாரியை வெரட்டினா எங்க தெருவுல சரக்கு எறங்காது. எட்டுக்கு மேல நின்னா எம் பொண்ணு கடைக்கு ஆள் வராது. அதோ உக்காந்திருக்கா பாருங்க, அவதான். வேலையை விட்டுட்டு ரொட்டிக் கடை வெக்கிறா. சங்கத்துக்காகத்தான் வந்திருக்கேன், அவளுக்காகவும்தான் வந்திருக்கேன். எட்டுங்கிறதுல ஏத்தினதும் இல்ல, எறக்கினதும் இல்ல."

"ஏழே முக்கால்," என்றார் அந்த ஒல்லி மனுஷன்.

அக்கா எழுந்தாள். பையைத் தோளில் மாட்டினாள். "அப்ப நாங்க வரோங்க," என்று எல்லாருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள். யோசித்துச் செய்ததல்ல. கடையில் வாடிக்கையாளர்கள் நாள் தவறாமல் அவளிடம் செய்வதை, அவள் கால் தானாகச் செய்தது. மகள் விழுந்தடித்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தாள்.

"அம்மா, என்னம்மா பண்ற நீ? கால் மணி நேரம்தானே!"

"பேசாம நட. திரும்பிப் பாக்காத."

நீளத் தாழ்வாரம். இரண்டு பக்கமும் பழைய தலைவர்களின் படங்கள் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தன. அக்கா மெதுவாக நடந்தாள். கூப்பிட வேண்டுமென்றால் இந்நேரம் கூப்பிட்டிருக்க வேண்டும். யாரும் கூப்பிடவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பேரம் பேசத் தெரியாதவர்களுக்குத் திரும்பக் கூப்பிட மட்டும் தெரியுமா? போகிறவளைப் போகவிட்டு, அடுத்தவங்க வரலாம் என்று சொல்லிவிட்டால்? விற்கிறவளாகவே இருந்தவளுக்கு, வாங்க வந்து திரும்பிப் போகிறவரின் முதுகு எப்படிக் குறுகுறுக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இனிமேல் ஒருத்தரைக்கூடப் படியிறங்க விடமாட்டேன் என்று அந்த இடத்திலேயே நேர்ந்துகொண்டாள். மாடிப்படி வந்துவிட்டது. முதல் படியில் காலை வைத்தாள்.

"அம்மா! லாரி அம்மா! ரொட்டி அம்மா!" பெயர் தெரியாமல் வாய்க்கு வந்ததையெல்லாம் கூவிக்கொண்டு, குறிப்பெடுக்கிறவர் செருப்புச் சத்தத்தோடு ஓடி வந்தார். "மேடம் கூப்பிடறாங்க!"

முதல் கூப்பாட்டுக்குத் திரும்பக்கூடாது என்று ஒரு முறை உண்டு. அக்கா திரும்பவில்லை. மகள் திரும்பிவிட்டாள். பலகையில் எழுதிப்போட்ட ஒரே விலைக்கு ரொட்டி விற்கப் போகிறவளுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

அறைக்குள் தலைவர் அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர். "எங்கம்மாவோட பாத்திரக் கடைக்குப் போனப்பல்லாம் இதைப் பாத்திருக்கேன். பையை எடுத்து மாட்டற அந்த அழகு இருக்கே, அதுக்கே குடுக்கலாம்," என்றவர் ஒல்லி உறுப்பினரின் பக்கம் திரும்பினார். "என்ன சொல்றீங்க?"

அவர் பெருமூச்சு விட்டார். "எட்டுக்கே எடுத்துக்கச் சொல்லுங்க மேடம். எனக்குக் கட்டுப்படியாகல, இருந்தாலும் போகட்டும்."

அதுதான் சரியான வசனம். அதைக் கேட்டதும் அக்காவுக்கு அவர்மேல் கூடப்பிறந்தவர் மாதிரி ஒரு பாசம் வந்துவிட்டது. கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன, ஒல்லிக் கையும் கடைசியாக உயர்ந்தது. எட்டு மணி என்று எழுதப்பட்டது. மசோதா அன்று சாயங்காலமே சபைக்குப் போயிற்று.

வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள்.

"அம்மா, உண்மையைச் சொல்லு. அவங்க கூப்பிடாமலே இருந்திருந்தா?"

அக்கா அக்கம்பக்கம் பார்த்தாள். கடைவீதி ஆட்கள் யாரும் காதில் விழுகிற தூரத்தில் இல்லை.

"ரெண்டு படி எறங்கியிருப்பேன். அப்புறம் நானே திரும்பிப் போய், ஏழே முக்காலுக்குச் சரிங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்டி. உன் கடையைவிட எனக்கு என்ன வீம்பு வேண்டிக்கெடக்கு?"

மகள் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சட்டமன்றத்துக்குள் போகிறவர்களும் வருகிறவர்களும் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.